ரோமா வாசலுக்கு இப்பாலும் அப்பாலும்

இத்தாலியில் உள்ள சியன்னாவின் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. ஊருக்குக் கீழே இருக்கிறது. புளோரன்சிலிருந்து எம்போலி வழியாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வந்து இறங்கி, அண்ணாந்து பார்த்தால்தான் மேலே ஒரு ஊர் இருப்பதே தெரிகிறது. நிலையத்துக்கு எதிரே ஒரு வணிக வளாகம். அதற்குள் நுழைந்து, மளிகைக் கடையையும் செருப்புக் கடையையும் தாண்டி, ஒன்றை அடுத்து ஒன்றாக வரும் நகரும் படிக்கட்டுகளில் ஏறிக்கொண்டே போனால், கடைசிப் படிக்கட்டு கமோல்லியா என்னும் வடக்கு வாசலுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் விடுகிறது. இடைக்கால நகரம் ஒன்றுக்குள் போகும் வழி பல்பொருள் அங்காடியின் ஊடாகவா போக வேண்டும் என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த மேட்டைக் காலால் ஏறியிருந்தால் என் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தபோது எரிச்சல் அடங்கிவிட்டது.

கமோல்லியா வாசலின் வெளிவளைவில் லத்தீன் மொழியில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். 'இந்த வாசலைவிட அகலமாகச் சியன்னா தன் நெஞ்சை உனக்குத் திறக்கிறது' என்பது அதன் பொருள். சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊரின் விருந்தோம்பலுக்கு இதைத்தான் சான்றாகக் காட்டுகின்றன. ஆனால் அந்த வரி 1604இல், தஸ்கனியின் பெருங்கோமகன் முதலாம் ஃபெர்தினாந்தோ மெதிச்சியின் வருகையை ஒட்டி எழுதப்பட்டது. நீண்ட முற்றுகையில் பட்டினி கிடந்து 1555இல் சியன்னா சரணடைந்தது. அந்த ஊரைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த கோசிமோவின் மகன்தான் இந்த ஃபெர்தினாந்தோ. தோற்ற ஊர் வென்றவனின் பிள்ளைக்கு எழுதி வைத்த வரவேற்பு அது என்று தெரிந்த பிறகு, அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

அக்டோபர் கடைசி வாரத்தில் நான் அங்கே போனேன். குதிரைப் பந்தயக் கூட்டமும் கோடை வெயிலும் போய்விட்டிருந்தன. தங்கும் அறைகளின் வாடகையும் இறங்கியிருந்தது. மூன்று மலைமுகடுகள் கூடும் இடத்தில் இருக்கும் நகரம் என்பதால் இங்கே சமதளமான தெருவே அரிது. எங்கே போனாலும் ஒன்று ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். அந்த முகடுகள் கூடுகிற மடிப்பில்தான் காம்போ என்னும் பெருஞ்சதுக்கம் கிடக்கிறது. சதுக்கம் என்ற சொல் அதற்குப் பொருந்தவில்லை. சிப்பியை மல்லாத்தி வைத்தாற்போலக் குழிந்து, ஒரு பக்கமாகச் சரிந்து, நகர ஆட்சி நடந்த அரண்மனையின் காலடியில் இருக்கும் ஒரு நீர்ப்போக்கியை நோக்கி இறங்குகிற செங்கல் தரை அது. மழை பெய்தால் மொத்த நீரும் அந்த ஒரு வாயை நோக்கித்தான் ஓடும். வெண்கல் கோடுகள் தரையை ஒன்பது துண்டுகளாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை இந்த நகரத்தை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியின் நினைவாக அந்த ஒன்பது.

முதல் நாள் மாலை மற்றவர்களைப் போல நானும் தரையில் உட்கார்ந்தேன். செங்கற்களைப் படுக்க வைக்காமல், குறுகிய விளிம்பு மேலே தெரியும்படி நிறுத்தி, மீன்முள் வரிசையில் பதித்திருக்கிறார்கள். விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருக்க, இடுக்குகளில் பாசி பிடித்திருந்தது. நாளெல்லாம் வாங்கிய வெயிலைச் செங்கல் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. என்னைச் சுற்றியிருந்த அரண்மனையும் கோபுரமும் வீடுகளும் எல்லாமே செங்கல். இந்தச் செங்கல் எந்த மண் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் காலணிதான் அதைச் சொல்லிக் கொடுத்தது.

அரண்மனைக்குள் மாடியில் ஒன்பதின்மர் அறை இருக்கிறது. அந்த ஒன்பது பேரும் பெரும்பாலும் வணிகர்கள். பழைய பிரபுக் குடும்பங்களுக்கு அந்தப் பதவியில் இடமில்லை. இரண்டு மாதம்தான் பதவி. அந்த இரண்டு மாதமும் அரண்மனையிலேயே உண்டு உறங்க வேண்டும். வீட்டுக்குப் போனால் வீட்டார் காதில் ஓதுவார்கள், சம்பந்தி சிபாரிசுக்கு வருவார் என்ற பயமாக இருக்கலாம். அவர்கள் கூடிப் பேசிய அறையின் சுவர்களில்தான் 1338, 1339 ஆண்டுகளில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி நல்லாட்சியையும் கெட்ட ஆட்சியையும் வரைந்தார். ஒரு சுவரில் நீதி, அமைதி முதலானவை பெண்ணுருவில் உட்கார்ந்திருக்கின்றன. அதன் முன்னால் நான் அதிகம் நிற்கவில்லை. அடுத்த சுவரில்தான் கால் நின்றது. நல்லாட்சியால் விளைவது என்ன என்று காட்டும் அந்த ஒரே படம் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். இடப்பாதியில் நகரம், வலப்பாதியில் நாட்டுப்புறம், இரண்டுக்கும் நடுவே மதிலும் வாசலும்.

நகரத்துப் பாதியில் சாரத்தில் நின்று கொத்தர்கள் சுவர் எழுப்புகிறார்கள், செருப்புக் கடை திறந்திருக்கிறது, ஆசிரியர் பாடம் நடத்துகிறார், தெருவில் கைகோத்து ஆடுகிறார்கள். வாசலுக்கு வெளியே பாதை சரிந்து இறங்குகிறது. வல்லூற்றைக் கையில் ஏந்திய பிரபுக்கள் குதிரையில் வெளியே போக, எதிரே ஒரு குடியானவன் பன்றியை ஓட்டிக்கொண்டு மேலே வருகிறான். கறுத்த உடம்பில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட பன்றி அது. சிந்தா செனேசே என்று இன்றும் இப்பகுதியில் வளர்க்கப்படும் அதே இனம்தான். 'சிந்தா' என்றால் இடுப்புப் பட்டை. ஒரு வயலில் உழவு, இன்னொன்றில் அறுவடை, களத்தில் கதிரடிப்பு என்று ஆண்டின் எல்லாப் பருவங்களும் ஒரே நாளில் நடக்கின்றன. பாதையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நல்லாட்சியிலும் பிச்சைக்காரர் உண்டு என்று ஒப்புக்கொண்ட ஓவியரின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்தப் படத்தில் என்னைத் தொந்தரவு செய்தது வாசலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும் பெண்தான். 'பாதுகாப்பு' என்பது அவள் பெயர். சிறகுகள் உண்டு, உடை ஏறத்தாழ இல்லை. ஒரு கையில் ஓலை: இவள் ஆளும் வரை எவரும் அச்சமின்றி வழி நடக்கலாம், உழுது விதைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. மறு கையில் ஒரு சிறு தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல அவ்வளவு இயல்பாக அதைப் பிடித்திருக்கிறாள். எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சி. அங்கே இதே இடத்தில் பறப்பது கையில் வாளுடன் 'அச்சம்'. வயல்கள் பாழாகி ஊர்கள் எரிகின்றன. நகரத்தில் தொழில் நடக்கும் ஒரே பட்டறை ஆயுதம் அடிப்பவனுடையது. ஓலையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்க்கும் குடியானவனுக்கு இந்த இரண்டு பெண்களுக்கும் என்ன வேறுபாடு தெரிந்திருக்கும் என்று வெகுநேரம் யோசித்தேன். இந்த அறையில் கூடியவர்கள் நகரத்து வணிகர்கள். அவர்களில் பலருக்கு வெளியே நிலம் இருந்தது. வாசலுக்கு அப்பால் அமைதி நிலவ வேண்டும் என்று அவர்கள் விரும்பியதில் கணக்கும் இருந்தது.

அதே அரண்மனையில் இன்னும் மேலே ஏறினால் பின்பக்கம் திறந்த தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதச் சிறைவாசத்தில் ஒன்பதின்மர் காற்று வாங்கிய இடம் என்று சொல்கிறார்கள். முன்பக்கம் காம்போவில் கூட்டம். பின்பக்கம் கீழே சந்தைத் திடல், அதற்கு அப்பால் மதிலுக்கு உள்ளேயே ஒரு பள்ளத்தாக்கு, அதில் காய்கறித் தோட்டமும் ஒலிவ மரங்களும், அதற்கும் அப்பால் மதில், மதிலுக்குப் பிறகு மடிப்பு மடிப்பாகக் குன்றுகள், வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தில் அமியாத்தா மலை. சற்று முன் சுவரில் பார்த்த படத்தின் வலப்பாதி சட்டத்தைவிட்டு வெளியே வந்து நின்றது போலிருந்தது.

மதிலுக்குள்ளேயே தோட்டங்கள் மிஞ்சியிருப்பதற்கு ஒரு துயரக் கதை உண்டு. 1339இல், தங்கள் தலைமைக் கோயில் போதாது, அதையே குறுக்குக் கையாக்கி உலகம் வியக்கும் ஒரு பெருங்கோயில் கட்டுவோம் என்று சியன்னாக்காரர்கள் முடிவு செய்தார்கள். அரண்மனையின் கோபுரமும் அந்த ஆண்டுகளில்தான் எழுந்தது. அதற்கு மாஞ்சா என்று பெயர். வருமானத்தையெல்லாம் தின்றே தீர்த்த ஒரு மணியடிப்பவரின் பட்டப்பெயர் கோபுரத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு 1348இல் கொள்ளைநோய் வந்தது. தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கைகளாலேயே புதைத்ததாக அஞோலோ தி தூரா என்ற ஊர்க்காரர் எழுதி வைத்திருக்கிறார். லொரென்செத்தியும் அந்த நோய்க்கே இரையானார் என்று கருதப்படுகிறது. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அழிந்த ஊரில் மதிலுக்குள் இருந்த இடத்தை நிரப்பவே ஆளில்லை; புதிய கோயில் யாருக்கு? தூண் வரிசையும் கூரையில்லாத ஒரு மாபெரும் முகப்புச் சுவரும் மட்டும் நிற்கின்றன. தூண்களுக்கு இடையில் இப்போது வண்டிகளை நிறுத்துகிறார்கள். அந்த முகப்பின் உச்சிக்கு ஒரு குறுகிய திருகுபடியில் ஏறலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கட்டி முடிக்காத கோயிலின் மீது நின்று கட்டி முடித்த கோயிலைப் பார்க்கிறோம். உள்ளே உள்ள புகழ்பெற்ற பளிங்குத் தரைச் சித்திரங்களில் பெரும்பகுதியை ஆண்டில் பல மாதங்கள் மூடியே வைத்திருப்பார்கள். நான் போனபோதும் மூடியிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நான் தங்கியிருந்தது ஃபோந்தெபிராந்தா என்னும் ஊற்று மண்டபத்துக்கு இறங்கும் சரிவில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மையாரின் வீட்டு மாடியில். முதல் நாளே, 'நீங்கள் பிறந்து வளர்ந்தது சியன்னாவிலேயேதானா?' என்று கேட்டேன். 'நான் ஓக்காக்காரி' என்றார். ஓக்கா என்றால் வாத்து. நகரம் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றின் எல்லைகள் 1729இல் ஓர் அரசாணையால் வரையறுக்கப்பட்டவை. ஓநாய், ஆமை, நத்தை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், யானை சுமக்கும் கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு கொடி, தேவாலயம், அருங்காட்சியகம், குழந்தைகளுக்குப் பேட்டை முறையில் நீர் தெளிக்க ஒரு சிறு ஊற்று. ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் காம்போவைச் சுற்றி மண் கொட்டிச் சேணமில்லாக் குதிரைகளை ஓட்டுகிறார்கள். இடமில்லாததால் ஒரு பந்தயத்தில் பத்துப் பேட்டைகள்தான் ஓட முடியும். மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டுபவன் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றி குதிரைக்குத்தான், எனவே பேட்டைக்குத்தான். அம்மையாரின் மறைந்த கணவர் கோபுரப் பேட்டைக்காரராம். வாத்துக்குப் பரம எதிரி. 'நாற்பத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். பந்தயம் நடக்கிற நாலு நாள் மட்டும் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் அத்தனை வருஷம் வாழ்ந்திருக்க முடியாது' என்றார்.

இந்த ஊருக்கு ஆறு கிடையாது. சியன்னாவைப் புரிந்துகொள்ள இதைவிடப் பெரிய தகவல் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பூமிக்கடியில் தியானா என்றொரு நதி ஓடுவதாக நம்பி இவர்கள் தோண்டிக்கொண்டே இருந்ததைக் கவிஞர் தாந்தே கேலி செய்திருக்கிறார். நதி கிடைக்கவில்லை. ஆனால் வடக்கே நாட்டுப்புறக் குன்றுகளில் கசியும் நீரைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து நகரத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிச் சுரங்கங்களைக் குடைந்தார்கள். போத்தினி என்று அவற்றுக்குப் பெயர். சரிவு ஒரே சீராக இருந்தால்தான் நீர் தேங்காமலும் பாயாமலும் வரும். மேலே ஊர் ஏறி இறங்கினாலும் கீழே சுரங்கம் அந்தச் சரிவை விடவில்லை. ஃபோந்தெபிராந்தாவில் மூன்று கூர்வளைவுகளுக்கு உள்ளே இருட்டில் அந்த நீர் தேங்கி நிற்பதை இன்றும் பார்க்கலாம். முதல் தொட்டி குடிநீருக்கு. அது நிரம்பி வழிந்தால் கால்நடைகளுக்கு, அதிலிருந்து வழிவது துணி துவைப்பதற்கு, மிஞ்சியது தோல் பதனிடுவோருக்கும் சாயமிடுவோருக்கும். ஒரே நீருக்கு நான்கு வேலை. புனித கத்தரீன் 1347இல் பிறந்ததும் இந்தச் சரிவில்தான். அவருடைய தந்தை சாயத் தொழிலாளி, சாயக்காரர்கள் நீரை ஒட்டித்தானே குடியிருக்க முடியும். சில தெரு தள்ளி, சான் தொமேனிக்கோ தேவாலயத்தில் அவருடைய தலையைப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன். பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காலை ரோமா வாசல் வழியாக வெளியே நடந்தேன். வட ஐரோப்பாவிலிருந்து ரோமுக்கு யாத்திரிகர்கள் நடந்த ஃபிரான்சிஜேனா பாதை சியன்னாவின் முதுகெலும்பாக ஓடி, இந்த வாசலில்தான் வெளியேறுகிறது. கேன்டர்பரிப் பேராயர் சிஜெரிக் 990இல் ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய இடங்களின் பட்டியலிலேயே சியன்னாவின் பெயர் இருக்கிறது. ஊர் பெருத்தது இந்தப் பாதையால்தான். யாத்திரிகர்களுக்குச் சத்திரமும் மருத்துவமனையுமாகத் தொடங்கிய சாந்தா மரியா தெல்லா ஸ்காலா, தலைமைக் கோயிலுக்கு எதிரே, கடந்த நூற்றாண்டின் இறுதி வரை மருத்துவமனையாகவே இயங்கியது. இப்போது அருங்காட்சியகம். அதன் பெரிய கூடத்துச் சுவரில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்குப் பாலூட்டிய செவிலித் தாய்மார்கள் கூலியாகக் கோதுமை அளந்து வாங்குவதை வரைந்திருக்கிறார்கள்.

அந்தக் கோதுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, பாதையில் அரை நாள் நடந்தால் கிடைக்கிறது. ஆர்பியா ஆற்றுச் சமவெளியில் கூனா என்னும் இடத்தில் கோட்டை ஒன்று நிற்கிறது. உயர்ந்த செங்கல் சுவர்களும் மதிலும் கொண்ட அது அரசன் கட்டிய கோட்டை இல்லை. அந்த மருத்துவமனைக்குச் சொந்தமான, பதினான்காம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம். பக்தர்கள் எழுதி வைத்த நிலங்களால் மருத்துவமனை இப்பகுதியின் பெரும் நிலக்கிழாராகியிருந்தது. நெல்லுக்கு வேலி போடுவது பற்றி எல்லோருக்கும் தெரியும். கோதுமைக்குக் கோட்டை கட்டியதை நான் அங்கேதான் பார்த்தேன்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. கூனாவுக்கு முன்னால், பாதையை விட்டு ஒரு படம் எடுப்பதற்காக உழுத நிலத்தில் பத்தடி இறங்கினேன். மூன்றாவது அடியில் காலணி கனத்தது. ஏழாவது அடியில் இரண்டு காலிலும் இட்லிக் கொப்பரை மூடி அளவுக்குச் சாம்பல் நீலக் களிமண் அப்பிக்கொண்டது. குச்சியால் சுரண்டினேன், கல்லில் தேய்த்தேன்; வழுக்கிக்கொண்டு இடம் மாறியதே தவிர விடவில்லை. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறுதான் இந்த மண். இதில் சிப்பி ஓடுகள் இன்றும் கிடைக்கின்றன. கிரேத்தே என்று இந்தப் பகுதிக்குப் பெயர் வந்ததே களிமண்ணால்தான். மரமில்லாத மொட்டை மேடுகள், மழை அறுத்த ஓடைகள், உப்புப் பூத்து வெளுத்த சிறு குமிழ்கள் போன்ற குன்றுகள். நல்ல ஈரத்தில் இது பசை, காய்ந்தால் பாறை. சூளையில் வைத்தால் செங்கல். முதல் நாள் மாலை நான் உட்கார்ந்திருந்த தரை என் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஓவியர்களின் வண்ணப் பெட்டியில் உள்ள சியன்னா மண் மட்டும் இந்தச் சாம்பல் களி இல்லை. அது அமியாத்தா மலைப்பக்கத்தில் எடுத்த இரும்புச் சத்துள்ள மஞ்சள் மண், சுட்டால் சிவக்கும்.

மேடுகளின் உச்சியில் ஒற்றை வீடு, அதற்கு ஏறிப்போகும் வெண்பாதை, பாதையோரம் சைப்ரஸ் வரிசை. நாட்காட்டிகளில் அலுக்க அலுக்கப் பார்த்த காட்சி. அந்த வீடுகள் ஏன் அப்படித் தனித்தனியே இருக்கின்றன என்பதற்கு நாட்காட்டியில் விடை இருக்காது. இங்கே பல நூற்றாண்டுகளாக நடந்தது அரை வாரச் சாகுபடி. நிலமும் வீடும் நகரத்து முதலாளியுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சல் பாதிப் பாதி. ஒவ்வொரு வாரக்குடிக்கும் அதன் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டிக் கொடுத்தார்கள். பெரிய குடும்பமாக இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பதால், வீட்டில் கல்யாணம் நடப்பதற்கே முதலாளியின் சம்மதம் கேட்க வேண்டியிருந்த இடங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் ஆலைகளைத் தேடிப் போனார்கள். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. வீடுகள் காலியாயின. தரிசான நிலங்களை மலிவாக வாங்கிக்கொண்டு சார்தீனியாத் தீவிலிருந்து இடையர்கள் மந்தைகளோடு வந்தார்கள். இன்று பியென்சா என்னும் சிற்றூரின் பெருமையாக விற்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் அவர்களுடைய கையும் உண்டு. காலியான வீடுகளில் பல இப்போது நீச்சல் குளம் வைத்த விருந்தினர் விடுதிகள். வாரக்குடி பாதி விளைச்சலைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை இப்போது ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பார்க்கிறோம், நானும்தான்.

நகரத்தின் பணத்துக்கும் இந்தப் புல்வெளிக்கும் உள்ள உறவு ஒரு பெயரிலேயே இருக்கிறது. 1472இல் தொடங்கி இன்றும் இயங்கும், உலகிலேயே மிகப் பழைய வங்கி சியன்னாவில்தான் இருக்கிறது: மோந்தே தேய் பாஸ்கி. 'பாஸ்கி' என்றால் மேய்ச்சல் நிலங்கள். 1624இல் வங்கியின் வைப்புத் தொகைகளுக்கு ஈடாக, தெற்கே மரேம்மா மேய்ச்சல் நிலங்களின் வருமானத்தைப் பெருங்கோமகன் காட்டினார். 2017இல் அந்த வங்கியைக் காப்பாற்ற இத்தாலிய அரசே இறங்க வேண்டியதாயிற்று. அப்போது ஈடு காட்ட மேய்ச்சல் நிலம் இல்லை.

சனிக்கிழமை பியென்சாவுக்குப் பேருந்தில் போனேன். கொர்சிஞானோ என்ற குக்கிராமத்தில் 1405இல் பிறந்த ஒருவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் திருத்தந்தையாகி, 1459இலிருந்து மூன்றே ஆண்டுகளில் தன் கிராமத்தை ஒரு மாதிரி நகரமாக மாற்றித் தன் பெயரையே சூட்டிய இடம் அது. தன் கோயிலில் ஒரு தூணைக்கூட யாரும் மாற்றக் கூடாது என்று அவர் சாபமே விட்டிருக்கிறார். மனிதர்கள் கேட்டார்கள்; மண் கேட்கவில்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டிய பின்பகுதி வழுகி இறங்கிக்கொண்டே இருக்கிறது; பீடத்தை நோக்கி நடக்கும்போது தரை சரிவதைக் காலே சொல்கிறது. பக்கத்திலேயே அவருடைய மாளிகையின் பின்புறம் மூன்று அடுக்குத் தாழ்வாரம் ஓர்ச்சா பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. 2004இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கைப் பட்டியலில் சேர்த்தபோது, நல்லாட்சியின் இலட்சியத்தைக் காட்டும்படி சியன்னா திருத்தி அமைத்த நிலம் என்றே குறிப்பிட்டது. நிலத்தைப் பார்த்து வரைந்த படத்தைப் போலவே நிலத்தையும் ஆக்கினார்கள் என்று பொருள்.

மறுநாள் காலை அங்கிருந்து மோந்தெபுல்சியானோவுக்குப் போக நிறுத்தத்தில் நின்றேன். அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று போட்டு 9.20க்கு ஒரு பேருந்து. ஸ்பானிய மொழியில் 'ஃபெரியா' என்றால் திருவிழா என்று எங்கோ படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள்தானே, எனவே நம் பேருந்துதான் என்று ஒன்றரை மணி நேரம் அமைதியாக நின்றேன். நாயோடு அந்த வழியே இரண்டாம் முறை வந்த ஒரு பெரியவர் நின்று, அட்டவணையில் விரல் வைத்து, 'ஐயா, ஃபெரியாலே என்றால் வேலை நாள்' என்றார். விடுமுறை என்பதற்கு அவர்கள் சொல் 'ஃபெஸ்திவோ'. அந்தக் கட்டம் சுத்தமாகக் காலியாக இருந்தது. பதின்மூன்று கிலோமீட்டருக்கு வாடகைக் கார் பிடித்தேன். யாரையும் குறை சொல்ல முடியாத செலவு அது.

மோந்தெபுல்சியானோவின் மேல் சதுக்கத்தில், தலைமைக் கோயிலுக்கு எதிரே, தூண்கள் தாங்கும் ஒரு மாளிகை இருக்கிறது. பெயர்ப் பலகையில் 'பலாட்சோ நோபிலி தாருஜி' என்று இருந்தது. நோபிலி என்ற பெயரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். 1606இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு, தமிழில் உரைநடை நூல்கள் எழுதி, 1656இல் மயிலாப்பூரில் மறைந்த இராபர்ட் தெ நோபிலியின் குடும்பம் இந்த ஊர்க் குடும்பம். இறைச்சியை விட்டு, காவி உடுத்தி, துறவியைப் போல வாழ்ந்தவர் அவர். காவி என்பதும் இரும்புச் சத்துள்ள மண்தான். அவர் குடும்பத்து ஊருக்குத் தென்மேற்கே அமியாத்தா மலையில் தோண்டி எடுத்த மண்ணுக்கு நெருங்கிய உறவு. பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே பார்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டில் இந்தப் பெயர் எங்களுக்குத் தெரியும் என்று உடைந்த இத்தாலியனில் சொன்னேன். மது விற்பவன் என்று என்னை நினைத்திருக்க வேண்டும். இந்த ஊர் அதற்குத்தான் பெயர் பெற்றது. அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை 'ஃபெரியாலே' பேருந்து நிமிஷம் பிசகாமல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். கிரேத்தே மேடுகளில் சங்கிலிச் சக்கர உழுபொறிகள் சரிவில் ஊர்ந்துகொண்டிருந்தன. உழுத மண் திரும்பி விழுந்த பக்கம் ஈரத்தில் பளபளத்தது. மாஞ்சா கோபுரம் ஒரு வளைவில் தெரிந்து அடுத்த வளைவில் மறைந்து, கடைசியில் மதிலுக்கு மேல் நிலைத்தது. ஃபோந்தெபிராந்தாச் சரிவில் இறங்கி வீட்டுக் கதவைத் தட்டியபோது அம்மையார் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். மூன்று நாளுக்கு முந்தைய களிமண் காலணியின் ஓரத்தில் காய்ந்து வெளுத்திருந்தது. 'அங்கேயே நில்லுங்கள்' என்று சொல்லி உள்ளே போனவர், ஒரு பழைய செய்தித்தாளையும் கறி வெட்டும் கத்தி ஒன்றையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.